ஒரு சாண் தள்ளி

திண்டுக்கல்லில் ஒரே நேரத்தில் மூன்று சூரியனைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

பொய். நான் பார்த்ததெல்லாம் ஒன்றே ஒன்று. அதையும் வெயில் தாங்காமல் திட்டிக்கொண்டேதான் பார்த்திருக்கிறேன். மூன்றைப் பார்த்தவர் வேறொருவர். அவர் பார்த்தபோதெல்லாம் நான் பக்கத்தில்தான் இருந்தேன். பக்கத்திலேயே இருந்தும் பார்க்காமல் விட்ட பெருமை வேண்டுமானால் எனக்கு மட்டும் சொந்தம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். என் பேச்சைச் சலவைக்குப் போட்டுக் கஞ்சி மொடமொடப்போடு எழுதுகிறாள் என்று சந்தேகம். வாசித்துப் பார்க்கவா முடியும்.

நயா பைசா வந்த காலத்தில் நான் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். குதிரையும் நானும் ஒரே மாதிரி. இரண்டு பேருக்கும் வயிறு மட்டும் பெரிது. அவர் போட்டோக்காரர். பேகம்பூர் போகிற சாலையில் ஸ்டூடியோ, பின்கட்டில் வீடு. பெயர் வேண்டாம். ஊருக்கு அவர் போட்டோக்காரர், எனக்கு அண்ணன். வெளியூர்க் கல்யாணம், சாவு, சடங்கு என்று எங்கே படம் பிடிக்கப் போனாலும் கேமராப் பெட்டியும் முக்காலியும் என் வண்டியில்தான் ஏறும்.

அவருடைய கால் பெருவிரலில் எப்போதும் ஒரு துணிக்கட்டு இருக்கும். மேலே பார்த்து நடக்கிறவருக்கு வேறென்ன இருக்கும். ஒரு கல்லில் இடித்துக்கொண்ட காயம் ஆறுவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். கல்லுக்கா நம் ஊரில் பஞ்சம்.

மேலே பார்ப்பது முதலில் தொழிலுக்காகத்தான். அப்போது ஸ்டூடியோவில் விளக்கு கிடையாது. கூரையில் கண்ணாடி பதித்திருப்பார்கள், அதன் வழியாக வரும் வெளிச்சத்தில்தான் படம். நாலு மணிக்கு மேல் வெளிச்சம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அடிக்கடி வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அப்படி வேலைக்காகப் பார்க்க ஆரம்பித்தவர், நாளாக ஆக வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கிறவராக ஆகிவிட்டார்.

பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வலது கையை நேராக நீட்டுவார். கட்டைவிரலால் சூரியனை மறைப்பார். மற்ற விரல்களை விரித்துச் சாண் போடுவார். சுண்டுவிரல் நுனி எங்கே போய் நிற்கிறதோ அங்கே பார்க்க வேண்டுமாம். மெல்லிய மேகம் பஞ்சு மாதிரி பரவிக் கிடக்கிற சாயங்காலங்களில், சூரியனுக்கு ஒரு சாண் வலப்பக்கம் ஒன்று, ஒரு சாண் இடப்பக்கம் ஒன்று, குட்டிச் சூரியன் நிற்குமாம். சூரியன் பக்கம் சிவப்பு, வெளிப்பக்கம் வெளுப்பு. செத்த நேரம் நிற்கும், போய்விடும்.

"சட்டுனு வா, போயிரும்."

இதுதான் அவர் வாயில் வரும் பேச்சு. நானும் ஓடுவேன். போய்விட்டிருக்கும்.

டீக்கடைக்காரரைக் கூப்பிடுவார். அவர் டீயை ஆற்றி முடித்து வருவதற்குள் போய்விட்டிருக்கும். துணி அளந்துகொண்டிருக்கிற ஜவுளிக்கடைக்காரரைக் கூப்பிடுவார். அவர் இரண்டு கண்ணையும் கசக்கிக்கொண்டு, "ஒண்ணுதானப்பா இருக்கு, அதுவும் கண்ணக் குத்துது" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். பிறகு அண்ணன் தெருவில் நடந்தாலே, "என்னப்பா, இன்னிக்கு எத்தன?" என்பார்கள். பிள்ளைகள் கையை நீட்டிச் சாண் போட்டுக்கொண்டு பின்னாலேயே போகும். அதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்படிப் போட்டுக் காட்டி டீக்கடையில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற உரிமை என்னிடம்தான் இருந்தது.

ஒரு முறை மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுவத்தியுமாய் அத்தனை பிள்ளைகள். எல்லாம் தயார். கேமராவின் ரப்பர் பந்தை அமுக்கப் போகிற நேரத்தில் இவர், "ஏய் பிள்ளைகளா, பின்னாடி பாருங்க" என்றார். பிள்ளைகள் பொல்லாததுகள், சொன்னதும் திரும்பிவிட்டன. அதிர்ச்சியில் இவர் பந்தை அமுக்கிவிட்டார். படத்தில் அத்தனையும் பின்மண்டை. வகிடு மட்டும் ரொம்பத் துல்லியம். திரும்பிப் பார்த்த பிள்ளைகளாவது பார்த்தார்களா என்றால், முன்னால் புளியமரம்.

கிழக்கே பார்க்கச் சொல்லியும் ஒரு நாள் என் உயிரை எடுத்தார். தாடிக்கொம்பிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம்.

"ஏலே, மேக்க பாக்காத. கெழக்க பாரு. சிறுமலைக்கு மேல செவப்புக் கோடு கோடா விசிறி மாதிரி விரிஞ்சிருக்கு."

"சாயங்காலம் கெழக்க என்னண்ணே இருக்கும்? ராத்திரிதான் இருக்கும்."

"திரும்பித்தான் பாரேன்டா."

திரும்பினேன். நான் திரும்பினால் என் கையில் உள்ள கடிவாளம் திரும்பும். கடிவாளம் திரும்பினால் குதிரை திரும்பும். குதிரை திரும்பி, வண்டி வரப்பில் இறங்கி, யாரோ ஒருவருடைய தக்காளித் தோட்டத்துக்குள் போய் நின்றது. தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்தார். அவர் கேட்ட கேள்விகளை என் மகள் எழுத மாட்டேன் என்கிறாள். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது சிறுமலை கறுத்துப் போய், அதற்கு மேலே ராத்திரிதான் இருந்தது.

"அது போஸ் குடுக்காதுடா" என்றார் அண்ணன். மாலையும் கழுத்துமாக மணிக்கணக்கில் உட்காரத் தயாராக இருக்கிற மனிதர்களையே படம் பிடித்துப் பிழைத்தவருக்கு அதுதான் பெரிய குறை.

ஊர் சிரித்ததை அவர் சட்டை செய்யவில்லை. ஒரே ஒரு ஆள் நம்ப வேண்டும் என்றுதான் அவருக்கு இருந்தது. அது அவருடைய சம்சாரம், எனக்கு மதினி.

மதினியைக் கூப்பிட்டால் வராது. வானத்தில் இவர் சொல்கிறது வருகிற நேரமும் கோயில் மணி அடிக்கிற நேரமும் ஒன்று. மணி அடித்ததும் மதினி சாமி படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டுவிடும்.

"சாமியப் பாக்கவா, உங்க சூரியனப் பாக்கவா?" என்று கேட்கும். "செபம் முடிஞ்சு வாரேன், அதுவரைக்கும் நிக்கச் சொல்லுங்க."

"அது எப்படிம்மா நிக்கும்?"

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு நாள் மதினி என்னைப் பிடித்துக்கொண்டது. "தம்பி, நீ கூடவே போறியே. உண்மையச் சொல்லு. நீ பாத்தியா?"

அண்ணன் முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "பாத்தேன் மதினி" என்றேன்.

"எத்தன?"

"நாலு."

தாராளமாகச் சொன்னால் பலமாக இருக்கும் என்று நினைத்தேன். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தி அவரிடம் சொன்னது: "ஏங்க, ஊர்ல உள்ளவுக மூஞ்சியெல்லாம் படமாப் புடிச்சுக் குடுக்குறீக. அதையும் ஒரு படம் புடிச்சுக் காட்டுங்க. அன்னிக்கு நம்புறேன். சாட்சிக்கு இவனக் கூட்டிட்டு வராதீக."

அன்றிலிருந்து பிடித்தது சனி. அப்போது கண்ணாடி பிளேட்டில்தான் படம் பிடிப்பார். எங்கே போனாலும் சூரியனுக்கென்று ஒரு பிளேட்டைத் தனியாக வைத்திருப்பார். பந்தியில் பாயசம் பரிமாறுகிறவரைக்கூட நிறுத்திப் படம் கேட்கிற கல்யாண வீட்டார், இன்னும் ஒரு படம் எடுங்கள் என்று கெஞ்சினாலும் அந்தப் பிளேட்டைத் தொட மாட்டார். தொழில் கெட்டது. சாயங்கால வேலை என்றால் அவரைக் கூப்பிட யோசித்தார்கள். அவர் நீட்டிய கையும் சாணுமாகவே இருந்தார். கேமராவைத் தூக்கி வைப்பதற்குள் மேகம் வரும். மேகம் வராவிட்டால் என் குதிரை நகரும். இரண்டும் இல்லாவிட்டால் யாராவது வந்து, "என்னங்க, எடம் அளக்குறீகளா, ரோடு போடப் போறாகளா?" என்று கேட்பார்கள்.

பிறகு சின்னாளப்பட்டிச் சாவு.

ஒரு பெரியவர் தவறிவிட்டார். உயிரோடு இருந்தபோது அவரை ஒரு படமும் எடுக்கவில்லை. பிணத்தை எடுப்பதற்கு முன்னால் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஓடி வந்து எங்களைக் கூட்டிப்போனார்கள். அப்போது அது வழக்கம். பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, பிள்ளை குட்டிகள் சுற்றி நின்று கடைசியாக ஒரு படம். வெயில் மூஞ்சியில் அடிக்காத இடமாக, வீட்டுக்குக் கிழக்கே நிழலில் நாற்காலியைப் போட்டார்கள். தலை நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாராவது பின்னால் உட்கார்ந்து, வெளியே தெரியாமல் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அழுகிற வீட்டில் யாரைச் சொல்வது. எல்லாரும் வண்டிக்காரனைப் பார்த்தார்கள்.

நான் நாற்காலிக்குப் பின்னால் குத்த வைத்து, அவர் தோளில் போர்த்தியிருந்த வேட்டிக்குள் கையை விட்டு, பெரியவர் பிடரியைப் பிடித்துக்கொண்டேன். ஆயுசில் நான் ஒரு படத்தில் இருக்கிறேன் என்றால் அது அந்தப் படம்தான். தெரிய மாட்டேன்.

"யாரும் அசையாதீக. இங்கயே பாருங்க" என்றார் அண்ணன்.

நாங்கள் எல்லாரும் கிழக்கே அவரைப் பார்த்தோம். அவர் மட்டும் மேற்கே எங்களைப் பார்த்து நின்றார். சூரியன் வீட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வந்த அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. கண் எங்கள் தலைக்கு மேலே போனது. கூரைக்கு வலப்பக்கம் ஒரு தரம், இடப்பக்கம் ஒரு தரம். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் தொழிலே அப்படி. எல்லாரும் எந்தப் பக்கம் முதுகைக் காட்டுகிறார்களோ அந்தப் பக்கம் பார்த்து நிற்கிற தொழில். அவருக்கு மட்டும் தெரிவதில் என்ன அதிசயம்.

அசையாதீர்கள் என்று சொன்னவர் அவரே. பந்தை அமுக்கிப் பெரியவரை முழுசாக எடுத்தார். அதில் அவர் குறை வைக்கவில்லை. அடுத்த நொடி கேமராவை முக்காலியோடு தோளில் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடினார்.

"அண்ணே, இருக்கா?" என்று கத்தினேன்.

"இருக்குடா. ரெண்டு பக்கமும் இருக்கு. சட்டுனு வா, போயிரும்."

கையை எடுக்கப் போனேன். பெரியவருடைய மூத்த மகன் என் தோளை அமுக்கினார். "தம்பி, விட்டுறாதப்பா. அப்பா சரிஞ்சுருவாரு. சம்பந்திமாரு வந்துட்டாக, அவுகளோட ஒரு படம் எடுக்கணும்."

"படம் எடுக்குறவரு அங்க ஓடிட்டாருங்க."

"வருவாருல்ல. நீ புடி."

பிடித்தேன். சந்துக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது. "மூணும் கேமராக் கண்ணாடிக்குள்ள விழுந்துருச்சுடா, குட்டி ரெண்டும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது."

"கொஞ்சம் பின்னாடி போய் எடுங்கண்ணே, நல்லா அடங்கும்."

"எம்புட்டு பின்னாடி போனாலும் அம்புட்டுத்தான்டா. அது என்ன கல்யாணக் கூட்டமா?"

சம்பந்திமார் வந்து, அழுது, அவரும் திரும்பி வந்து அடுத்த படம் எடுத்து, பெரியவரை நான் கைமாற்றிவிட்டுச் சந்துக்கு ஓடியபோது ஒரே ஒரு சூரியன் இருந்தது. அதிலும் பாதிதான் மிச்சம்.

ஆனால் பிளேட் பழுதாகவில்லை. மருந்தில் கழுவி எடுத்து எனக்குக் காட்டினார். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ் வண்ணம். வெளிச்சம் கறுப்பாகத் தெரியும். நடுவில் பெரிய கறுப்பு, இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னக் கறுப்பு. பிளேட்டைத் தட்டில் சாய்த்து வைத்துக்கொண்டே சொன்னார்: "இதச் சாதாக் காகிதத்துல போடக் கூடாதுடா. மருதைக்குப் போய் நல்ல காகிதம் வாங்கியாந்து போட்டு உங்க மதினிகிட்டக் குடுக்கணும்."

மறுநாள் அவரை ரயிலடியில் இறக்கிவிட்டேன். அவர் மதுரைக்குப் போனார். அதே ரயிலடியில் மதுரையிலிருந்து வந்து என் வண்டியில் ஏறியவர் டச்சிங்காரர். வாரம் ஒரு நாள் வந்து பிளேட்டுகளைச் சரி செய்து கொடுக்கிறவர். அம்மைத் தழும்பை மறைப்பார், கறுத்தவரை வெளுப்பாக்குவார், முன்வழுக்கைக்கு முடி வரைவார். மதினிதான் கதவைத் திறந்து, காப்பி கொடுத்து, சன்னலோரம் உட்கார வைத்தது. தட்டில் காய்ந்துகொண்டிருந்த பிளேட்டுகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

சாயங்காலம் அண்ணன் காகிதக் கட்டோடு வந்தார்.

"எல்லாம் முடிச்சுட்டேன்" என்றார் டச்சிங்காரர். "செத்தவருக்கு ரெண்டு கண்ணும் தொறந்தாச்சு. உசிரோட உக்காந்திருக்கிற மாதிரி இருப்பாரு."

"அந்தச் சூரியன் பிளேட்டு?"

"அதுவா. நல்ல பிளேட்டு. ரெண்டு ஓரத்துலயும் கறை விழுந்து கெடந்துச்சு. மருந்து தெறிச்சிருக்கும் போல. கத்தியால நயமாச் சொரண்டி எடுத்துட்டேன். எந்த எடத்துல இருந்துச்சுன்னு நீங்களே கண்டுபுடிக்க முடியாது."

அண்ணன் பிளேட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "கண்டுபுடிக்க முடியல."

எனக்கு அந்தக் கத்தியை வாங்கி அந்த ஆளுடைய மீசையை நயமாகச் சுரண்டலாமா என்று இருந்தது. அண்ணன் அவருக்குக் கூலியை எண்ணிக் கொடுத்தார். அந்த மனுசன் அவர் வேலையைத்தான் செய்திருந்தார், நன்றாகவும் செய்திருந்தார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மதுரைக் காகிதம் வீணாகக் கூடாதென்றோ என்னவோ, படத்தைப் போட்டு மதினியிடம் காட்டினார். சாம்பல் வானத்தில் வெள்ளையாக ஒரு வட்டம்.

"ஒண்ணுதானங்க இருக்கு?"

"ரெண்டு ஓரத்துலயும் இருந்துச்சு. டச்சிங்ல போயிருச்சு."

"டச்சிங்ல தழும்பு போகும். சூரியனுமா போகும்?" மதினி கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டது. அவர் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். சின்னாளப்பட்டிக்காரர்கள் வந்து பெரியவர் படத்தை வாங்கி, "அப்பா கண்ணத் தொறந்து நம்மளயே பாக்குறாரு" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. பார்ப்பதை மட்டும் விடவில்லை. வண்டியில் வரும்போது பக்கவாட்டில் கை நீளும், விரல் விரியும், பிறகு மடங்கி உள்ளே வந்துவிடும்.

"இருக்காண்ணே?"

"ஒண்ணுமில்ல. நீ ரோட்டப் பாரு."

வருசம் ஒன்றோ இரண்டோ அப்படியே போனது. என்னைத் திட்டியாவது இருக்கலாம். அந்த அமைதி குதிரைக்கே பிடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் ஸ்டூடியோ பின்கட்டில் நான் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் இருட்டறைக்குள் பிளேட் கழுவிக்கொண்டிருந்தார். மொட்டை மாடியில் காயப் போட்ட மோர்மிளகாயை அள்ள மதினி மேலே போயிருந்தது. கோயில் மணி அடித்தது. படியில் தடதடவென்று சத்தம். மதினி முறத்தைக் கையில் பிடித்தபடியே இறங்கி வந்தது, மிளகாய் படி முழுக்க உருண்டது. செபம் சொல்லவில்லை.

"தம்பி, அவுக எங்க?"

"உள்ள மதினி. கழுவுறாரு."

மதினி முழங்கையால் கதவை இடித்தது. "ஏங்க, வெளிய வாங்க."

"தொறக்க முடியாது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தாடிக்கொம்புக் கல்யாணம் மருந்துல கெடக்கு. வெளிச்சம் பட்டா அம்புட்டும் போயிரும்."

"ஒரு சாண் தள்ளி நிக்குதுங்க."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

தாடிக்கொம்பு மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தக் கதவுக்குப் பின்னால் மருந்துக்குள் கிடந்தார்கள். திரும்ப எடுக்க முடியாத தாலி கட்டு. அதைக் கெடுத்தால் ஊரில் மிச்சம் இருந்த பெயரும் போகும். மதினிக்கு அது தெரியும். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது: "சட்டுனு வாங்க. போயிரும்."

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

கையெல்லாம் மருந்து சொட்டச் சொட்ட வெளியே வந்தார். இருட்டிலிருந்து நேரே சாயங்கால வெயிலுக்குள். கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டியது. முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டு, "எங்க? இருக்கா? இருக்கா?" என்றார்.

மதினி மிளகாய்க் கையை நீட்டிச் சாண் போட்டது. அவர் போடுவது போலவே. "இருக்கு. வலது பக்கம் நல்லா இருக்கு. இடது பக்கம் லேசா மங்குது."

"செவப்பு எந்தப் பக்கம்? சூரியன் பக்கமா, வெளிப்பக்கமா?"

"சூரியன் பக்கம்."

"ஆமா" என்றார். கண் மூடியே இருந்தது. "ஆமா. அப்படித்தான்."

நான் அவர்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஏன்டா மடையா, ஆயுசுக்கும் காத்திருந்துவிட்டு, வானத்தை விட்டுவிட்டு இவர்கள் மூஞ்சியையா பார்க்கிறாய். சட்டென்று தலையைத் திருப்பி மேற்கே...

"இந்தா, அப்பனும் மகளும் அங்க என்ன கதை அளக்குறீக? கொழாயில தண்ணி வந்துருச்சு. சட்டுனு வாங்க, நின்னுரும்."

என் வீட்டுக்காரி. மகள் பேனாவை மூடிவிட்டாள். குடம் எங்கே.